அம்மாவின் கையெழுத்து மாதிரி ஒரு தமிழ் ஃபாண்ட்: காப்பி லேபிளுக்கும் கடைப் பலகைக்கும் எது சரிவரும்?

தாண்டிக்குடிக்காரன் கேட்கிறார்:

வணக்கம். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் நிழலில் காப்பிச்செடி, அந்த மரங்களிலேயே ஏறிய மிளகுக்கொடி, நடுநடுவே மலைவாழை, நாலைந்து ஆரஞ்சு மரம். எல்லாம் சேர்த்து மூன்று ஏக்கர் தாண்டாது. முன்பு பழத்தைப் பறித்த கையோடு வியாபாரியிடம் போட்டுவிடுவோம். நான் திருப்பூரில் இருந்து திரும்பி வந்தபிறகு நாங்களே காயவைத்து, வறுத்து, அரைத்து, ரோட்டோரம் தகரக்கூரை போட்ட சின்னக் கடையில் விற்கிறோம். காப்பித்தூளோடு மிளகும் தேனும் உண்டு. மேல்மலைச் சொந்தக்காரர் ஒருவர் பூண்டு கொடுத்துவிட்டால் அதுவும் இருக்கும்.

கடையில் விலை அட்டை எழுதுவது அம்மா. பிஸ்கட் பெட்டி, பழைய நோட்டு அட்டை, எது கையில் கிடைக்கிறதோ அதைக் கிழித்து, கறுப்பு மார்க்கரால் எழுதி, குச்சியில் செருகி மூட்டைக்குள் நட்டுவிடுவார். ‘மிளகு’ என்று ஒரு அட்டை. ‘வாழைப்பழம், நாளைக்குத்தான் பழுக்கும்’ என்று இன்னொன்று. அப்படி எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சென்னையில் இருந்து வந்த ஒருவர் பழம் வாங்காமல் அந்த அட்டையை விலைக்குக் கேட்டார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

அவர் அறுபதுகளில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அவர் எழுத்தில் க-வுக்கு வயிறு பெரிது. டி-யின் கொக்கி தலைக்கு மேலே சுழன்று போய் அடுத்த எழுத்தைத் தட்டும். புள்ளியைப் புள்ளியாக வைக்க மாட்டார், குட்டி வட்டம் போடுவார். ‘மலை’ என்று எழுதினால் பழைய லை, அந்தத் தும்பிக்கை போட்ட லைதான் வரும்.

இனி என் கஷ்டத்துக்கு வருகிறேன். போன வருஷம் பாக்கெட்டுக்கு ஸ்டிக்கர் அடிக்கலாம் என்று கீழே ஒரு அச்சகத்தில் கொடுத்தேன். போனிலேயே டைப் பண்ணி அனுப்பினேன், போனில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஆயிரம் ஸ்டிக்கர் வந்தது. பிரித்துப் பார்த்தால் ‘தேன்’ என்பதில் த முதலில் நிற்கிறது, கொம்பு அதற்குப் பின்னால் ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிறது. ‘மலை’யிலும் அதே கதை. ‘கொட்டை’யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கேட்டால், “நீங்க அனுப்பினது அப்படித்தான் சார் இருந்துச்சு” என்றார்கள். இப்போது என் மகள் அந்த ஸ்டிக்கரைத் தலைகீழாகத் திருப்பித் தன் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு ஒட்டிக்கொள்கிறாள்.

இரண்டாவது தடவை உஷாராகி, கையால் எழுதியதுபோல் இருக்கும் ஒரு ஃபாண்டை எங்கிருந்தோ இறக்கி, நானே கணினியில் ‘தாண்டிக்குடி மலைக்காப்பி’ என்று போட்டுப் பார்த்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் மனைவி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “ரெண்டு டி-யும் ஒட்டிப் பொறந்த ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கு, யாரும் கையால இப்படி எழுத மாட்டாங்க” என்றாள். அதற்கப்புறம் எனக்கு அந்த இரண்டு டி-யைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அச்சுக்குக் கொடுக்காமல் விட்டுவிட்டேன்.

அம்மா எழுத்தையே ஃபாண்டாக மாற்ற முடியுமா? அது பெரிய வேலை என்றால், இலவசமாகக் கிடைப்பதில் எது அதற்குப் பக்கத்தில் வரும்? அதே எழுத்தைக் கடைப் பலகைக்கும் போட்டால் எடுபடுமா? இங்கே மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் மேகம் இறங்கிவிடும், எதிரில் வரும் வண்டியே தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அச்சகத்துப் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

சும்மா ஒருவன்:

கவிவனார் என்ற ஃபாண்ட் இருக்கிறதே. இலவசம்தான். கொஞ்சம் சாய்வாக, கையெழுத்து மாதிரியே இருக்கும். முடிந்தது வேலை.

வத்தலக்குண்டு போர்டுக்காரர்:

தம்பி, நான் பிரஷ் பிடித்துப் பிழைத்தவன். சுவர் விளம்பரம், கடை போர்டு, லாரி பின்பக்கம், தேர்தல் வந்தால் ராத்திரி பகலாகச் சின்னம். ஃப்ளெக்ஸ் வந்தபிறகு நானும் ஒரு கணினி, ஒரு வினைல் வெட்டும் மிஷின் என்று மாறிவிட்டேன். அதனால் இரண்டு பக்கமும் தெரிந்து சொல்கிறேன்.

முதலில் போர்டு. லேபிளுக்குப் போட்ட எழுத்தை அப்படியே பெரிதாக்கிப் போர்டில் ஏற்றாதீர்கள். உங்கள் அம்மா மார்க்கரால் அரை அங்குலத்துக்கு எழுதியதை எட்டு அங்குலமாக்கினால் பதினாறு மடங்கு. அட்டையில் கண்ணுக்கே தெரியாத நடுக்கம் போர்டில் காய்ச்சல்காரர் எழுதியதுபோல் ஆடும். மார்க்கர் எங்கேயும் ஒரே கனத்தில் ஓடும். பிரஷ் அப்படி இல்லை, அழுத்தினால் பருக்கும், தூக்கினால் சன்னமாகும். அந்த எழுத்தின் குணத்தை மனதில் வாங்கிக்கொண்டு பிரஷ்ஷில் புதிதாக எழுத வேண்டும். வயிறு பெருத்த க, சுழலும் டி, இரண்டையும் வைத்துக்கொண்டால் போதும், பார்த்ததும் அம்மா எழுத்து என்று தெரியும்.

அடுத்தது அளவு. உங்கள் ரோட்டில் வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது என்று வையுங்கள். மூன்று விநாடியில் 25 மீட்டர் ஓடிவிடும், அதாவது 80 அடிக்கு மேல். ஓட்டுபவர் படித்து, யோசித்து, பிரேக் போட அந்த மூன்று விநாடியாவது வேண்டும். ஒரு அங்குல உயர எழுத்து பத்தடி தூரத்துக்குப் பளிச்சென்று தெரியும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. ஆக, எட்டு அங்குலம். இப்போது ‘தாண்டிக்குடி மலைக்காப்பி’யை எண்ணுங்கள். கால், கொம்பு எல்லாம் சேர்த்துப் பதினைந்து உருவம். நம் எழுத்து அகலமான எழுத்து, உயரம் எவ்வளவோ அகலமும் ஏறக்குறைய அவ்வளவு. பதினைந்தை எட்டால் பெருக்கினால் பத்தடி. உங்கள் தகரக்கூரைக் கடையே பத்தடி இருக்குமா?

சரி, இரண்டு வரியாக உடைக்கலாம் என்பீர்கள். மேல் வரி ‘குடி’யில் கு-வின் வால் கீழே இறங்கும், கீழ்வரி ‘காப்பி’யின் புள்ளி மேலே ஏறும், இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து இடிக்கும். கையால் எழுதும்போது வாலைக் கொஞ்சம் சுருட்டுவேன், புள்ளியை ஒரு நூல் இடப்பக்கம் தள்ளுவேன், யாருக்கும் தெரியாது. ஃபாண்டுக்கு அந்த அனுசரணை கிடையாது. வரிகளை விலக்கித்தான் வைக்க வேண்டும், விலக்கினால் எழுத்து சிறுக்கும்.

என்னைக் கேட்டால் ஊர்ப்பெயர் போர்டில் பெரிதாக வேண்டாம். தாண்டிக்குடிக்கு வருகிறவனுக்குத் தாண்டிக்குடிக்கு வருகிறோம் என்று தெரியும். அவனுக்குத் தெரிய வேண்டியது ‘காப்பி’ என்ற ஒரு சொல். எட்டு அங்குலத்தில் எழுதினாலும் மூன்றடிக்குள் அடங்கிவிடும். பெருக்கிப் பத்து அங்குலமே எழுதலாம். ஊர்ப்பெயரைக் கீழே ஓரமாகச் சின்னதாகப் போடுங்கள்.

நிறம் மஞ்சளில் கறுப்பு. கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் பலகையைப் பார்த்திருப்பீர்கள், ரயில்வேக்காரன் சும்மா அதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மேகத்துக்குள் வெள்ளைப் பலகை மேகமாகவே போய்விடும். கரும்பச்சைப் பலகை கூட வேண்டாம், பின்னால் தோட்டம் இருப்பதால் அதுவும் கலந்துவிடும்.

கடைசியாகப் புள்ளி. மூட்டத்தில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். ‘காப்பி’யில் ப்-ன் புள்ளி போனால் ‘காபபி’. அம்மா போடும் குட்டி வட்டம் அட்டையில் அழகு, தூரத்தில் இருந்து பார்த்தால் உள்ளே இருக்கிற ஓட்டை அடைந்து மங்கலாகத் தெரியும். போர்டில் முழுசாக நிரப்பிய புள்ளியாக, எழுத்தின் கோடு எவ்வளவு கனமோ அதைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, எழுத்தில் இருந்து நன்றாக விலக்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஆங்கிலமும் போட வேண்டும் என்றால் தமிழை மேலே பெரிதாக வைத்துவிட்டுப் போடுங்கள். தமிழ் 5, ஆங்கிலம் 3, மற்ற மொழி 2 என்பதுதான் கடைப் பலகைக்கு அரசு சொல்லும் விகிதம்.

எழுத்துப்பூச்சி:

கொடைக்கானலில் வளர்ந்தவன், இப்போது கோவையில் ஃபாண்ட் வேலை செய்கிறேன். அண்ணே, உங்கள் மனைவிக்கு என் வணக்கம். நாங்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் சிக்கலை அவர் ஒரு நிமிஷத்தில் பிடித்துவிட்டார்.

புத்தகத்துக்கான எழுத்தில் எல்லா டி-யும் ஒரே மாதிரி இருப்பது நல்லது, கண் தடுக்காமல் ஓடும். கையெழுத்து மாதிரியான எழுத்தில் அதுவே குற்றம். கை இரண்டு தடவை ஒரே மாதிரி எழுதாது. தமிழில் இது இன்னும் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் க்க, ட்ட, ப்ப, ம்ம என்று ஒரே எழுத்து பக்கத்துப் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கும். நல்ல ஃபாண்டில் இதற்கு வழி உண்டு. ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு மூன்று விதமாக வரைந்து வைத்து, ஒரே எழுத்து மறுபடி வந்தால் அடுத்த வடிவத்தை எடுத்துப் போடும்படி உள்ளேயே விதி எழுதிவிடுவோம். ஆனால் அந்த விதியைப் படிக்கிற மென்பொருள் வேண்டும். இலவசமாக இறக்கும் பல ஃபாண்டுகளில் அந்த மாற்று வடிவங்களே இருக்காது.

உங்கள் ஸ்டிக்கர் கதைக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். இப்போது போனிலும் கணினியிலும் எழுத்தைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறை யூனிகோடு. அதில் ‘தே’ என்பது முதலில் த, அடுத்து கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும். கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. அச்சகத்தில் பழைய டிசைன் மென்பொருள் இருந்தால், அல்லது புதியதிலேயே இந்திய மொழிக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் இருந்தால், அந்தத் தூக்கி வைக்கும் வேலை நடக்காது. பாமினி மாதிரி பழைய ஃபாண்டுகளில் இந்தப் பிரச்சினை இல்லை. அவற்றில் கொம்பை நாமே முதலில் தட்டிவிடுவோம், அதனால்தான் பல அச்சகங்கள் இன்னும் அவற்றை விடவில்லை. உங்களுக்குச் சுலபமான வழி, இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் எழுத்தை அமைத்து, கர்வ் பண்ணி, பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். கர்வ் பண்ணிவிட்டால் அது எழுத்து இல்லை, படம். எந்த மிஷினிலும் கொம்பு நகராது. பிறகு பிழை திருத்த முடியாது என்பதால் திருத்தக்கூடிய ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பெரிய கேள்வி, அம்மா எழுத்தை ஃபாண்டாக்குவது. முடியும். 247 எழுத்தையும் வரைய வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம், அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்தது 18. கி, கீ வரிசைகள் 36. கு, கூ வரிசைகள் 36, இவற்றைச் சுருக்க வழியே இல்லை, கு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, ரு ஒரு மாதிரி. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு, ஔகாரச் சிறகு என்று 5. மொத்தம் 126. ‘ஜாம்’, ‘ஸ்பெஷல்’ எழுத வேண்டும் என்றால் கிரந்த எழுத்தும் அதன் குடும்பமும் ஒரு முப்பது. எண்களை மறக்காதீர்கள், விலை அட்டைக்கு அதுதான் முக்கியம். அம்மா எழுதித் தந்தால் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளில் ஏற்றலாம். எழுதுவது ஒரு நாள். இடைவெளி சரிசெய்வதுதான் மாசக்கணக்கு.

தன் கையெழுத்தையே அச்செழுத்தாக்குவது புதிதும் அல்ல. பிரான்சில் ரோஜே எக்ஸ்கொஃபோன் என்பவர் 1953-ல் மிஸ்திரால் என்ற எழுத்தை அப்படித்தான் தன் கையெழுத்தில் இருந்து செய்தார். கணினி கிடையாது, எல்லாம் ஈய எழுத்து. தனித்தனியாக வார்த்த எழுத்துகள் பக்கத்தில் வைத்தால் கோடு கோடோடு சேர வேண்டும். யோசித்துப் பாருங்கள்.

பழைய லை பற்றி ஒரு வார்த்தை. பெரியார் 1935-ல் குடிஅரசில் புழங்க ஆரம்பித்து, 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசாணையாக வந்த சீர்திருத்தத்தில் மாறிய 13 எழுத்துகளில் லை-யும் ஒன்று. யூனிகோடில் பழைய லைக்கும் புதிய லைக்கும் ஒரே குறியீடுதான், வடிவம் ஃபாண்டின் விருப்பம். எனவே அம்மாவின் தும்பிக்கையை ஃபாண்டுக்குள் வைக்கத் தடை எதுவும் இல்லை. ஆனால் முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் அதைப் படிக்கத் திணறுவார்கள். லேபிளில் ஒரே ஒரு ‘மலை’க்கு என்றால் வைக்கலாம், பக்கத்திலேயே காப்பி இருப்பதால் புரிந்துவிடும்.

ஆனால் அண்ணே, இவ்வளவு சொன்னபிறகு கேட்கிறேன். உங்களுக்கு ஃபாண்ட் எதற்கு? லேபிளில் அம்மா எழுத்தில் வரப்போவது இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லை அம்மாவையே எழுதவைத்து ஸ்கேன் செய்து கோடாக மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. இரண்டு டி-யும் தானாகவே வேறு வேறாக இருக்கும். மாறிக்கொண்டே இருக்கும் சொற்களுக்குத்தான் ஃபாண்ட். உங்கள் கடையில் மாறுவது விலை அட்டை, அதை எழுதுவதற்கு அம்மா இருக்கிறார்.

சும்மா ஒருவன் சொன்ன கவிவனார் நல்ல எழுத்துதான், தாரிக் அஸீஸ் செய்தது. ஆனால் சன்னம், சாய்வு, கவிதைக்குப் பொருந்தும். காப்பி மூட்டைக்கு எனக்கு ஒட்டவில்லை. கனமாக, விளையாட்டாக வேண்டும் என்றால் மும்பை ஏக் டைப் குழுவின் பலூ தம்பியைப் பாருங்கள். பலூ என்ற ஒரே குடும்பத்துக்கு மொழிக்கு ஒரு உறவு: மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, பஞ்சாபிக்குப் பாஜி, நமக்குத் தம்பி. இரண்டுமே திறந்த உரிமத்தில் இருப்பவை. அச்சடித்து விற்கும் பொருளில் போட்டுக்கொள்ளலாம், ஃபாண்டை மட்டும் தனியாக விற்கக்கூடாது. ‘எங்கிருந்தோ இறக்கினேன்’ என்று நீங்கள் எழுதியதைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தேன். சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று போட்டிருப்பதை லேபிளில் ஏற்றிவிடாதீர்கள்.

ஏரிக்கரை சாக்லேட் அக்கா:

கொடைக்கானலில் வீட்டு சாக்லேட்டும் பிளம்ஸ் ஜாமும் போடுகிறேன். ஃபாண்ட் சங்கதி எனக்குத் தெரியாது. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன் தம்பி.

முதல் வருஷம் இங்க்ஜெட்டில் லேபிள் அடித்தேன். டிசம்பரில் கடைக்குள் ஈரம், பாட்டிலைக் கையில் எடுத்தால் ஊதா மை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. லேசரில் அடித்தால் ஓடாது.

பிளாஸ்டிக் கவர் கூடாது என்றானபிறகு பழுப்புக் காகிதப் பைக்கு மாறினேன். அதில் அச்சடிக்கக் காசு ஆகும், ரப்பர் ஸ்டாம்ப் செய்து நானே குத்துகிறேன். கையெழுத்து மாதிரி எழுத்து அதற்கு ரொம்பப் பொருத்தம், கொஞ்சம் கோணலாகக் குத்தினாலும் அதுவே அழகு. ஆனால் சின்ன எழுத்து வேண்டாம். ண, ஞ, இ எல்லாம் சுழி மை அடைத்துக் கறுப்பு உருண்டை ஆகிவிடும். உங்கள் ‘தாண்டி’யில் ண் இருக்கிறது, ஸ்டாம்ப் செய்யும்போது அந்தச் சுழிகளைக் கொஞ்சம் திறந்துவிடச் சொல்லுங்கள்.

அப்புறம், பின்பக்கம். என்ன கலந்திருக்கிறது, எடை, தேதி, 14 இலக்க உணவு உரிம எண், பச்சைப் புள்ளி, இதையெல்லாம் கையெழுத்து மாதிரி போட்டுவிடாதீர்கள். நான் அழகுக்காகப் போட்டேன். வயசான ஒருவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, “இதுல முட்டை இருக்கா இல்லையாம்மா?” என்று கேட்டார். அன்றைக்கே மாற்றினேன். சிக்கரி கலந்திருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்கு அந்த முட்டை மாதிரி, நேரான எழுத்தில் போடுங்கள்.

தாண்டிக்குடிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பறிப்பு நேரம்.

எழுத்துப்பூச்சித் தம்பி சொன்னபடி ஃபாண்ட் யோசனையை விட்டுவிட்டேன். அம்மாவை உட்காரவைத்து, நல்ல வெள்ளைத்தாளும் புது மார்க்கரும் கொடுத்து, ‘தாண்டிக்குடி மலைக்காப்பி’ என்று பத்துத் தடவை எழுதச் சொன்னேன். கேட்க வேண்டாம். எதற்கு என்று தெரிந்துவிட்டதால் பரீட்சை எழுதுகிற மாதிரி எழுதிவிட்டார். க-வின் வயிறு ஒட்டிப்போய்விட்டது. டி-யின் கொக்கி அடக்க ஒடுக்கமாக நின்றது. லை கூடப் புது லை! “உனக்குப் பழைய லைதானேம்மா வரும்?” என்றால், “கடைப் பேரு, நாலு பேர் படிக்கிறது, தப்பா எழுதலாமா?” என்கிறார். இத்தனை வருஷமாகப் பழையதைத் தப்பு என்று நினைத்துக்கொண்டேதான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

கடைசியில் மிளகு மூட்டைக்கு அடியில் கிடந்த பழைய அட்டைகளைப் பொறுக்கினேன். ஒன்றில் ‘மலை வாழை’, இன்னொன்றில் ‘காப்பிக்கொட்டை’. ஊர்ப்பெயர் மட்டும் கிடைக்கவில்லை. மகள்தான் ஞாபகப்படுத்தினாள், தங்கச்சிக்குப் பார்சல் அனுப்பினபோது அனுப்புநர் முகவரி அம்மாதான் எழுதினார் என்று. தங்கச்சி அந்த அட்டைப்பெட்டியை இன்னும் அரிசி கொட்டப் பயன்படுத்துகிறாளாம். போட்டோ எடுத்து அனுப்பினாள். இரண்டு டி, இரண்டும் வேறு வேறு, இரண்டாவது டி-யின் கொக்கி அடுத்த வரிக்கே போய்விட்டது. மூன்றையும் இங்க்ஸ்கேப்பில் கோடாக மாற்றி, ‘க்’கை மட்டும் காப்பிக்கொட்டை அட்டையில் இருந்து எடுத்துச் சேர்த்து, கர்வ் பண்ணி, வேறு அச்சகத்தில் கொடுத்தேன். முதலில் பத்தே பத்து அடித்துப் பார்த்தேன். கொம்பு அதனதன் இடத்தில் இருக்கிறது. பழைய லை இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை, திட்டுவார். பின்பக்கம் எல்லாம் நோட்டோ சான்ஸ் என்ற நேரான ஃபாண்டில், அக்கா சொன்னபடி. ‘சிக்கரி கலக்காதது’ என்று கொஞ்சம் தடித்தே போட்டுவிட்டேன்.

போர்டு அண்ணே, நீங்கள் சொன்ன கணக்கில் ‘காப்பி’ மட்டும், மஞ்சளில் கறுப்பு, பத்து அங்குலம். பண்ணைக்காட்டில் பழைய பெயின்டர் ஒருவரைப் பிடித்தேன். அம்மாவின் அட்டையைக் கையில் கொடுத்தேன், ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, நூல் போட்டு, சாக்பீஸில் ஒரு தடவை வரைந்து, ஒரே மூச்சில் எழுதிவிட்டார். க-வின் வயிறு அச்சு அசல். புள்ளி தேங்காய் சைஸுக்கு வைத்திருக்கிறார், நீங்கள் சொன்னதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டேன் போல.

ஒரே பிரச்சினை, எனாமல் காயவில்லை. ஆறு நாளாக மேகம் விலகவே இல்லை. விரல் வைத்தால் இன்னும் பிசுபிசுக்கிறது, பளபளப்பும் மங்கி ஒரு மாதிரி வெளுத்துத் தெரிகிறது. மேலே வார்னிஷ் ஒரு கோட் அடித்துவிடலாமா?

வத்தலக்குண்டு போர்டுக்காரர்:

அடிக்காதீர்கள் தம்பி. அடியில் காயாமல் மேலே வார்னிஷ் ஏற்றினால் தோல் மாதிரி சுருங்கிவிடும், மொத்தத்தையும் சுரண்ட வேண்டியதுதான். ஈரக்காற்றில் அடித்த எனாமல் அப்படித்தான் வெளுக்கும். கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், சுவரில் சாய்க்காமல் படுக்கவைத்துக் காற்றாட விடுங்கள். காப்பி வறுக்கிற இடம் சூடாக இருக்கிறதே என்று அங்கே வைத்துவிடாதீர்கள், உமியும் தூசியும் வந்து அப்பிக்கொள்ளும். ஈ, கொசு ஏதாவது ஒட்டியிருந்தால் இப்போது பிடுங்க வேண்டாம், பெயின்டும் சேர்ந்து வரும். நன்றாகக் காய்ந்தபிறகு துணியால் தட்டுங்கள், தானாக உதிரும். புள்ளியை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.